காரீயம் தோண்டினால் கிரபீன் சில்லு வராது

உலகிலேயே தூய்மையான காரீயம் இலங்கையில் கிடைக்கிறது. கிரபீன் காரீயத்திலிருந்து வருகிறது. நாளைய கணினியும் கைபேசியும் கிரபீனில்தான் ஓடப்போகின்றன. ஆகவே போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டுவதைக் கச்சாவாகக் கப்பலேற்றாமல் இங்கேயே கிரபீனாக்கினால் நாடு கரையேறிவிடும். மேடையிலும் பத்திரிகைப் பத்தியிலும் பாடசாலைக் கண்காட்சியிலும் அலுக்காமல் சொல்லப்படும் வாதம் இது. அது எடுபடுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு ரயில் பாதையை மறித்தவர்கள்மீது பொலிசார் சுட்டார்கள். ஓர் உயிர் போனது. டொலர் வற்றினால் என்னவாகும் என்பதைக் கேகாலை மாவட்டம் அப்படித்தான் கண்டது. அதே மாவட்டத்து மண்ணுக்கடியில்தான் போகலச் சுரங்கமும் இருக்கிறது. டொலரை நிலத்திலிருந்தே தோண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இங்கே காது கொடுக்க ஆள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் தொடக்கத்தில் சொன்ன நான்கு கூற்றுகளில் முதலாவது மட்டும்தான் ஏறக்குறைய உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பௌதிகத்தோடு ஒத்துப்போகவில்லை. இவற்றை நம்பி ஏறி நிற்கும் நான்காவதற்குக் காலூன்ற இடமே இல்லை.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். சிங்களத்தில் மினிரன் என்று சொல்லும் நமது காரீயம், பாறையில் பொடியாகவோ செதிலாகவோ கலந்து கிடப்பதல்ல. பாறை வெடிப்புகளுக்குள் நாளம் நாளமாக ஓடுவது. வணிக அளவில் இவ்வகைக் காரீயம் தோண்டப்படுவது இலங்கையில்தான். நல்ல நாளத்தில் காபன் 99 சதவீதம்வரை இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆண்டுக்கு 30,000 தொன்னுக்கும் மேல் இங்கிருந்து கப்பலேறியது. டி.எஸ். சேனநாயக்கவின் குடும்பம் செல்வம் சேர்த்த தொழில்களில் இதுவும் ஒன்று. அந்தக் காரீயம் போன இடம் உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்த தொழிற்சாலைகள். லண்டன் பற்றர்சியில் மோர்கன், அமெரிக்காவில் டிக்சன். போர் முடிந்ததும் விலை விழுந்தது. மடகஸ்கார் செதில் காரீயம் போட்டிக்கு வந்தது. அதற்கு முன்பே, 1890களில், எட்வர்ட் அச்செசன் என்பவர் மின்னுலையில் செயற்கைக் காரீயம் ஆக்கும் வழியைக் கண்டு காப்புரிமையும் பெற்றிருந்தார். 1971இல் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. பின்னர் போகல மறுபடி தனியார் கைக்குப் போய், ஜெர்மனியின் கிராபிற் குரொப்மியூல் நிறுவனம் அதன் பெரும்பங்காளியானது. இன்று நமது உற்பத்தி ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன். உலகம் தோண்டுவது பத்து இலட்சம் தொன்னுக்கும் மேல், அதில் பெரும்பகுதி சீனாவில். எவரிடமும் இல்லாத பொருள் நம்மிடம் இருந்தும் நாம் ஒருமுறை சந்தையை இழந்தோம் என்பதைக் கிரபீன் கனவு காண்பவர்கள் ஏனோ நினைவுகூருவதில்லை.

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். காரீயத்தில் காபன் அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப்போல அறுகோணம் அறுகோணமாகக் கைகோர்த்துத் தாள்களாக நிற்கின்றன. ஒரே தாளுக்குள் அடுத்தடுத்த அணுக்களுக்கிடையே தூரம் 0.142 நனோமீற்றர், அந்தப் பிணைப்பு மிக வலியது. தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 0.335 நனோமீற்றர், அங்கே பிடிப்பு தளர்வு. பென்சில் காகிதத்தில் எழுதுவது அந்தத் தளர்வினால்தான். அடுக்கிலிருந்து ஒற்றைத் தாளைப் பிரித்தால் அதுவே கிரபீன். ஒவ்வொரு காபன் அணுவும் மூன்று இலத்திரன்களை அயல் அணுக்களுடன் பிணைப்பதில் செலவழித்துவிட, நாலாவது இலத்திரன் தாள் முழுவதும் உலாவ விடப்படுகிறது. அந்த இலத்திரனின் சக்தியும் உந்தமும் எப்படித் தொடர்புபடும் என்பதை பி.ஆர். வொலஸ் 1947இலேயே கணக்கிட்டார். சாதாரணத் திண்மங்களில் வளைகோடாக வரும் அத்தொடர்பு இங்கே சில புள்ளிகளின் அருகில் நேர்கோடாக வருகிறது. விளைவு, இலத்திரன் திணிவே இல்லாத துணிக்கைபோல, ஒளிவேகத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஓடுகிறது. 2004இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரே கெய்ம், கொன்ஸ்டன்ரின் நொவொசெலோவ் இருவரும் ஒட்டுநாடாவால் தாள் பிரித்து அதன் மின்னியல்பை அளந்தார்கள். 2010இல் நோபல் பரிசு வந்தது. அதன் பிறகு வந்த அளவீடுகள் எல்லாம் மலைக்க வைப்பவை. அறியப்பட்டவற்றில் மிக வலிய பொருள். செம்பைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்துவது. ஓர் அணுத் தடிப்பே இருந்தும் தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்குவது. 2008இல், குளிரூட்டி அந்தரத்தில் தொங்கவிட்ட தாளில் அளந்தபோது இலத்திரனின் இயங்குதிறன் சிலிக்கனைவிட நூறு மடங்குக்கும் மேல் இருந்தது.

இந்தக் கடைசி எண்ணில்தான் கனவு பிறக்கிறது. சிலிக்கனைவிட நூறு மடங்கு என்றால் கணினியும் நூறு மடங்கு வேகம் என்று மனம் தாவிவிடுகிறது. ஆனால் கணினிச் சில்லில் இருக்கும் திரான்சிற்றர் ஓர் ஆளி. அது திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். சிலிக்கனில் இலத்திரன்கள் நிறைந்த சக்திப் பட்டைக்கும் வெறுமையான பட்டைக்கும் இடையே 1.1 இலத்திரன்வோற்று அளவு இடைவெளி இருக்கிறது. வாயில் மின்னழுத்தத்தை மாற்றி அந்த இடைவெளிக்குள் நிறுத்தினால் மின்னோட்டம் அடங்கிவிடும். திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இலட்ச மடங்கு வேறுபாடு கிடைக்கும். கிரபீனில் இரு பட்டைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, இடைவெளி சுழியம். எவ்வளவு முயன்று மூடினாலும் மின்னோட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் கிடைக்கும் வேறுபாடு பத்து மடங்கு அளவில் நின்றுவிடுகிறது. கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் ஒரே சில்லில் இப்படி ஒழுகினால் அந்தக் கைபேசியைக் கையில் பிடிக்க முடியாது. இலத்திரன் வேகமாக ஓடுவதற்குக் காரணமான அதே பட்டை அமைப்புத்தான் அதை நிறுத்த முடியாமல் செய்வதும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட இலகுவான வழி கிடையாது. தாளைச் சில நனோமீற்றர் அகல நாடாவாக வெட்டினால் இடைவெளி பிறக்கிறது. ஆனால் விளிம்பில் ஓர் அணு பிசகினாலும் பண்பு மாறிவிடும், வேகமும் குறையும். இரட்டைத் தாளுக்குக் குறுக்கே மின்புலம் கொடுத்தாலும் சிறு இடைவெளி திறக்கும். சிலிக்கன் இருக்கையைப் பிடிக்க அது போதாது. ஐ.பி.எம். நிறுவனம் 2010இல் 100 கிகாஹேட்சில் இயங்கும் கிரபீன் திரான்சிற்றரைக் காட்டியபோது உலகம் ஆர்ப்பரித்தது. அது மீடிறன் கூடிய சைகைகளைப் பெருக்கும் சாதனம். எண்முறைக் கணிப்புக்கு அதை யாரும் காட்டவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு பதில் தயாராக வரும்: 2024 ஜனவரியில் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தின் வோல்ற்றர் டி ஹீரும் தியன்ஜின் ஆய்வாளர்களும் 0.6 இலத்திரன்வோற்று இடைவெளி கொண்ட குறைகடத்திக் கிரபீனை நேச்சர் இதழில் அறிவித்தார்களே, தடை தீர்ந்துவிட்டதே என்று. தீர்ந்ததென்றே வைத்துக்கொள்வோம், வாதத்துக்காக. அந்தக் கிரபீன் எங்கிருந்து வந்தது? சிலிக்கன் காபைட்டுப் பளிங்கைச் சூடாக்கினால் மேற்பரப்பிலிருந்து சிலிக்கன் ஆவியாகிப் போக, மிஞ்சும் காபன் தானே தாளாகப் படிகிறது. காரீயம் அந்த அறைக்குள் நுழையவே இல்லை. கிரபீன் மின்னணுவியலின் வரலாற்றில் பெரும்பாலும் இதே கதைதான். மன்செஸ்ரரில் 2004இல் தாள் பிரித்தது சுரங்கக் காரீயத்திலிருந்து அல்ல. ஹைட்ரோகாபன் வாயுவை உயர் வெப்பத்தில் சிதைத்து, அழுத்தி, பளிங்கடுக்கை ஒழுங்குபடுத்திய செயற்கைக் காரீயத்திலிருந்து. ஐ.பி.எம். பயன்படுத்தியதும் சிலிக்கன் காபைட்டைத்தான். ரெக்ஸாசில் ரொட்னி ருவோவின் குழு 2009இல் செம்புத் தகட்டை 1000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி மெதேன் வாயுவை ஓடவிட்டு ஒற்றைத் தாளை வளர்த்துக் காட்டியது. அடுத்த ஆண்டே கொரியாவில் 30 அங்குலத் தாள் வந்தது. இன்று சந்தையில் இருக்கும் கிரபீன் காந்தப்புல உணரிகளை விற்கும் கேம்பிரிட்ஜ் பரகிராப் நிறுவனமும் வாயுவிலிருந்தே தாளை வளர்க்கிறது. ஒட்டுநாடாவால் பிரித்த செதில் சில மைக்கிரோமீற்றர்தான் தேறும். பௌதிகம் படிக்க அது பொன், தொழிற்சாலைக்கு உதவாது. (பாடசாலைக் கண்காட்சியில் பென்சிலும் ஒட்டுநாடாவும் வைத்து விளக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, குவாண்டம் பௌதிகத்துக்குள் நுழைய அதைவிட மலிவான வாசல் கிடையாது.) ஆய்வுகூடங்கள் கிரபீனுக்காக வரிசையில் நின்று கேட்கும் அரிய மூலப்பொருள் ஒன்று உண்மையில் உண்டு. அது போரன் நைத்திரைட்டுப் பளிங்கு. கிரபீனை அதன் இரு தாள்களுக்கிடையே வைத்தால்தான் இலத்திரன் தடுக்கி விழாமல் ஓடும். உலகின் நூற்றுக்கணக்கான ஆய்வுகூடங்களுக்கு அதை வழங்கி வருபவர்கள் ஜப்பானின் சுக்குபாவில் உயர் அழுத்தத்தில் அதை வளர்க்கும் தனிகுச்சி, வதனபே என்ற இரு அறிஞர்கள். அதுவும் ஆய்வுகூடத்தில் வளர்த்ததுதான்.

இத்தனையும் ஒருபுறம் இருக்கட்டும். நான் சொன்னவை எல்லாம் பிழை, நாளைக்கே சுரங்கக் காரீயத்திலிருந்து குறையற்ற தாளைப் பிரித்தெடுக்கும் வித்தை கிடைத்துவிடுகிறது, உலகச் சில்லுகள் முழுதும் கிரபீனுக்கு மாறிவிடுகின்றன என்றே கொள்வோம். எவ்வளவு காரீயம் வேண்டும்? ஒரு சதுர மீற்றர் ஒற்றைத் தாள் கிரபீனின் எடை 0.76 மில்லிகிராம். ஒரு கிராம், 1,300 சதுர மீற்றருக்கு மேல் போர்த்தும். உலகம் ஓராண்டில் உற்பத்தி செய்யும் சிலிக்கன் வில்லைகளின் மொத்தப் பரப்பு 80 இலட்சம் சதுர மீற்றரிலிருந்து ஒரு கோடிக்குள் வரும். பெருக்கிப் பாருங்கள்: பத்துக் கிலோவைத் தொடாது. உலகத்தின் எல்லாச் சில்லுகளுக்கும் ஓராண்டுக்குத் தேவையான மூலப்பொருளை ஒருவர் ஒரு சாக்கில் முதுகில் சுமந்து ரம்புக்கனை நிலையத்தில் ரயிலேறிவிடலாம். சேதாரத்துக்காக ஆயிரம் மடங்கு கூட்டிக் கொடுத்தாலும் பத்துத் தொன். இன்றைய நமது உற்பத்தியின் ஓரத்தைக்கூடச் சுரண்டாது. அணுத் தடிப்புப் பொருள் என்றால் இதுதான் அர்த்தம். அதில் விலை இருக்கிறது, வேண்டியமட்டும் இருக்கிறது. ஆனால் அந்த விலை மண்ணுக்குப் போய்ச் சேராது. ஒரு தொன் காரீயத்தின் விலையையும் ஒரு கிலோ கிரபீனின் விலையையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதும் நமக்கு வரவேண்டிய இலாபம் என்று மேடையில் கணக்குப் போடுகிறவர்கள், யார் எத்தனை கிலோ வாங்குவார்கள் என்ற இடத்தில் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது என்று யோசித்தால், கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தின் பழக்கம் ஒன்று இதற்குப் பின்னால் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரத்தினபுரி மாணிக்க வியாபாரத்தில் கல்லின் தூய்மையும் பிறந்த மண்ணும் விலையைத் தீர்மானிக்கின்றன. ஆய்வுகூடத்தில் செய்த நீலம் எவ்வளவு குறையற்றதானாலும் மண்ணில் எடுத்த நீலத்தின் விலை பெறாது. அதே கண்ணால் காரீயத்தையும் பார்க்கிறோம். இலத்திரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மெதேனில் இருந்து வந்த காபனும் போகலவில் இருந்து வந்த காபனும் தாளில் அமர்ந்த பின் ஒன்றேதான். தூய்மை என்ற பெருமையையும் கொஞ்சம் அளந்து பார்க்கவேண்டும். 99 சதவீதம் என்றால் நூறில் ஒரு பங்கு வேறு பொருள். மின்னணுச் சிலிக்கனில் அந்நிய அணு நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் அடக்கப்படுகிறது. அந்தச் சிலிக்கன் பிறப்பது சாதாரண சிலிக்காவிலிருந்து. தூய்மை பின்னால் இரசாயனத்தால் ஊட்டப்படுவது. தைவான் சில்லுத் தொழிலில் முதலிடம் பிடித்தது மணல் வளத்தால் அல்லவே.

இங்கே எதிர்வாதிகள் தம் கையிலுள்ள வலுவான சீட்டை இறக்குவார்கள், அது கெவுட. இரத்தினபுரிப் பக்கம் பாலாய் மங்கிக் கிடந்த கெவுடக் கற்களை மதிப்பற்றவை என்று நாம் தள்ளிவிட்டிருந்தபோது, 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போய், உலையில் சுட்டு, அருமையான நீலக் கற்களாக விற்றார்கள். காரீயத்தையும் அப்படிக் கோட்டை விடப்போகிறோமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கெவுடக் கதையில் நாம் இழந்தது கல்லை அல்ல, உலையைப் பற்றிய அறிவை என்பது சரி. ஆனால் கெவுடக் கல்லுக்குள் தைத்தேனியம் கலந்த நுண் இழைகள் ஏற்கனவே இருந்தன. சூட்டில் அவை கரைந்து இரும்புடன் சேர்ந்து நீலம் கொடுத்தன. அந்தக் கல் இல்லாமல் அந்த வியாபாரம் இல்லை. கல்லை நாம் நிறுத்தியிருந்தால் பாங்கொக்கின் உலை பசித்திருக்கும். போகலக் காரீயத்தை நாளையே நிறுத்தினால் பசித்திருக்கப்போகும் கிரபீன் உலை உலகில் எங்கும் இல்லை. ஆகவே கெவுடயின் பாடம் அறிவைத் தேடு என்பதற்குச் சாட்சி சொல்லும். ஏற்றுமதியைத் தடைசெய் என்பதற்குச் சொல்லாது.

அப்படியானால் கிரபீனுக்கும் நமது காரீயத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வியாபாரம். காரீயத்தைச் சல்பூரிக் அமிலமும் பொற்றாசியம் பெர்மங்கனேற்றும் கொண்டு ஒட்சியேற்றித் தாள்களை உதிர்க்கும் முறை 1958இலிருந்து ஹம்மர்ஸ் பெயரில் இருக்கிறது. கிடைப்பது கிரபீன் ஒட்சைட்டு. ஒட்சிசனை நீக்கினால் ஓட்டை உடைசலுடன் கிரபீன் பொடி. இதைச் செய்ய நம்மிடமும் ஆள் இருக்கிறார்கள். 2008இல் தொடங்கி இன்று ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவகமும் எல்.ஓ.எல்.சி. குழுமமும் சேர்ந்து சிலோன் கிரபீன் ரெக்னொலஜீஸ் என்ற நிறுவனத்தை அமைத்து இலங்கைக் காரீயத்திலிருந்தே இவற்றைச் செய்கின்றன. வரவேற்கவேண்டிய முயற்சி. அந்தப் பொடி பூச்சுக்கும் கொங்கிரீட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கலப்பாகப் போகும், சில்லுக்குப் போகாது. அந்தச் சந்தையிலும் மூலக்காரீயத்தின் பெருமை தனியாக விலைபோவதில்லை. 2018இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் உலகின் 60 நிறுவனங்கள் கிரபீன் என்று விற்ற பொடிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் உண்மையான கிரபீன் 10 சதவீதத்தையும் எட்டவில்லை. மிச்சமெல்லாம் நுணுக்கி அரைத்த காரீயம். எத்தனை தாள் அடுக்கு, எவ்வளவு குறை என்பதை ராமன் நிறமாலையில் காட்டுகிறவனிடம்தான் விவரமறிந்தவன் வாங்குவான். போதாக்குறைக்கு, 2020இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரூர் குழு நிலக்கரியையும் உணவுக் கழிவையும் மின்வீச்சில் ஒரு நொடிக்குள் சூடேற்றிக் கிரபீன் பொடியாக்கிக் காட்டிவிட்டது. குப்பையிலிருந்து வரக்கூடிய பொருளுக்கு நாளக் காரீயம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க எவருக்கும் காரணம் இல்லை. மின்கல அனோட்டில்தான் காரீயத்துக்கு இன்று தொன் கணக்கில் கேள்வி இருக்கிறது. ஆனால் அங்கே கேட்பது 99.95 சதவீதம், அதுவும் சீனாவின் பேரளவு உற்பத்தியோடு மல்லுக்கட்டி. 

பொடி வியாபாரத்தில் நமக்கென்று ஓர் ஆதாயம் இருக்குமானால், அது காரீயத்தின் பக்கத்தில் நிற்கும் மரத்தில் இருக்கிறது. கேகாலை, நாட்டின் முன்னணி இறப்பர் மாவட்டங்களில் ஒன்று. திண்ம டயர் ஏற்றுமதியில் இலங்கைக்கு உலகச் சந்தையில் நல்ல இடமும் உண்டு. இறப்பரில் கிரபீன் கலந்தால் தேய்மானமும் சூடும் குறையலாம் என்பது வெறும் ஆய்வுத்தாள் செய்தியல்ல. விட்டோரியா நிறுவனம் பல ஆண்டுகளாகக் கிரபீன் கலந்த சைக்கிள் டயர்களை விற்கிறது. கிரபீன் ஒட்சைட்டு நீரில் பரவும். இறப்பர்ப் பாலும் நீரில் பரவியிருப்பதுதான். இரண்டையும் கலக்கும் பதத்தை ஹோமாகமவிலோ கேகாலையிலோ கண்டுபிடித்தால் அது நமது அறிவாக இருக்கும், வாங்குபவனும் வாசலிலேயே இருப்பான். பால்வெட்டும் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தோடு கிரபீனுக்குத் தொடர்பு வரக்கூடிய ஒரே வழியும் எனக்குத் தெரிந்து இதுதான். மேடையில் சொல்லக் கவர்ச்சி குறைவு என்பதால்தானோ என்னவோ, இதைப் பற்றிப் பேச்சு குறைவு.

கடைசியாக, இப்படி எழுதுவது நம்பிக்கையைக் கெடுப்பது, இளைஞரை அதைரியப்படுத்துவது என்று ஒரு குற்றச்சாட்டு வரும். நேர்மாறாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. கிரபீன் மின்னணுவியல் சுரங்கத்தில் தங்கியிருந்தால் சுரங்கம் வைத்திருப்பவர்களே அதில் இறங்கலாம். மற்றவர்கள் கூலிக்கு நிற்கவேண்டியதுதான். வாயுவிலும் செம்புத் தகட்டிலும் தங்கியிருப்பதால்தான் கதவு திறந்திருக்கிறது. படிகக்கல் குழாய் பொருத்திய ஓர் உலை, மெதேனும் ஐதரசனும் அளந்து விடும் கருவி, ஒரு வெற்றிடப் பம்பி, வளர்ந்த தாளைச் சோதிக்க ராமன் நிறமாலைமானி: சிலிக்கன் சில்லுத் தொழிற்சாலை கேட்கும் பல நூறு கோடி டொலரோடு ஒப்பிட்டால் இவை ஒரு பல்கலைக்கழகத் துறையின் கைக்கு எட்டுபவை. பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் இவை இருந்தால் உணரிகளைச் செய்து பழகலாம். நோய்க்கிருமியையோ நீரிலுள்ள நச்சையோ உணரும் கிரபீன் சாதனத்துக்குப் பட்டை இடைவெளி தேவைப்படுவதில்லை, ஒழுகும் மின்னோட்டமே அங்கே சைகை. ஆனால் ஆராய்ச்சிக்கு இந்நாடு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் தமிழ்மொழியில் உயர்தரப் பௌதிகம் படிக்க வழியுள்ள பாடசாலையைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். கிரபீனைப் பற்றி அடுத்த முறை பேச வரும் வேட்பாளரிடம் சுரங்கத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பாடசாலைகளுக்குப் பௌதிக ஆசிரியரை எந்த ஆண்டு அனுப்புவார் என்று கேட்கலாம்.